எதிரி புடிச்ச தீவுல ஒளிஞ்சிருந்து கப்பல் எண்ணின ஆளுங்க எப்படி உயிரோட இருந்தாங்க?

நண்பர் கேட்டது இதுதான். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் புடிச்ச பசிபிக் தீவுகள்ல சில பேர் மலைமேல தனியா ஒளிஞ்சுகிட்டு, போற வர்ற கப்பலையும் ப்ளேனையும் பாத்து ரேடியோல சொன்னாங்கன்னு படிச்சாராம். அது நெஜமா, நெஜம்னா ரேடியோ சிக்னல வெச்சே புடிச்சிருக்க மாட்டாங்களா, மாசக்கணக்குல ஒத்தை ஆளா சோத்துக்கு என்ன பண்ணாங்கன்னு கேக்கறார். நெஜம்தான், அதுல சந்தேகமே வேணாம். ஆனா கேள்விக்குள்ள ‘தனியா’ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அங்கதான் கணக்கு ஒதைக்குது. அத சரி பண்ணாதான் மீதி கேள்விக்கே பதில் வரும்.

மொதல்ல என்னப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லன்னா இவன் யாருடா பேசறதுக்குன்னு தோணும். நான் சரக்குக் கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவன், மோர்ஸ் கீ தட்டித்தான் 19 வருஷம் சோறு சாப்ட்டேன், சேட்டிலைட் வந்து எங்க வேலைய தூக்கினப்பறம்தான் கரைக்கு வந்தேன். மரம் ஏத்தறதுக்காக சாலமன் தீவுகளுக்கு ரெண்டு தடவ போயிருக்கேன், அப்ப புடிச்ச கிறுக்குதான் இந்த சரித்திரம். அதனால ரேடியோ பத்தி சொல்றத தைரியமா சொல்வேன். சண்டை பத்தி சொல்றது எல்லாம் படிச்சதுதான், நான் பட்டாளத்துக்காரன் கிடையாது.

இவங்கள கோஸ்ட்வாச்சர், அதாவது கரையோரம் கண்காணிக்கறவங்கன்னு சொல்வாங்க. ஆஸ்திரேலிய கடற்படையோட ஏற்பாடு இது. மொத உலகப்போர் முடிஞ்ச கையோட, 1919லயே ஆரம்பிச்ச யோசனை. ஆஸ்திரேலியாவுக்கு கரை நீளம் ஜாஸ்தி, ஆள் கம்மி, அதனால கரையோரம் இருக்கற போஸ்ட் மாஸ்டர், தோட்டக்காரர், போலீஸ்காரர் இவங்களையே கண்ணு காதா வெச்சுக்கலாம்னு. 1939ல போர் வந்ததும் எரிக் ஃபெல்ட்னு ஒருத்தர கூப்பிட்டு, நியூ கினி, சாலமன் பக்கம் இந்த வலைய பின்னச் சொன்னாங்க. அவர் கடற்படைலேர்ந்து விலகி நியூ கினில அரசாங்க அதிகாரியா பல வருஷம் இருந்தவர், தீவுக்காரங்க எல்லாருக்கும் அவர தெரியும், அவருக்கும் அவங்கள தெரியும். தீவு தீவா போயி ரேடியோ குடுத்து, எப்படி தகவல் அனுப்பணும்னு சொல்லிக் குடுத்தார். இந்த அமைப்புக்கு அவர் வெச்ச ரகசியப் பேர் ஃபெர்டினாண்ட். குழந்தைங்க கதைல வர்ற காளமாடு பேர் அது, சண்டைக்கு போகாம மரத்தடில ஒக்காந்து பூ மோந்துகிட்டிருக்கும். நீயும் அப்படித்தான் இருக்கணும், துப்பாக்கி எடுக்கக் கூடாது, சும்மா ஒக்காந்து பாரு, ஏதாவது கொட்டினா மட்டும் எழுந்திருன்னு அர்த்தம். இந்த உத்தரவ எல்லாரும் கேட்டாங்களா, அது வேற கதை, பின்னாடி வரேன்.

இப்ப என் தொழிலுக்கு வரேன். சினிமால ஒருத்தன் சூட்கேஸ் மாதிரி ஒண்ண திறந்து பேசிட்டு மூடிட்டு ஓடுவான் இல்ல, அந்த மாதிரி செட் இல்ல இது. டெலிரேடியோன்னு ஆஸ்திரேலியாவுல செஞ்சது, டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், லவுட்ஸ்பீக்கர்னு மூணு இரும்புப் பெட்டி, அதுக்கு மேல கார் பேட்டரி மாதிரி ஆசிட் பேட்டரி, அத சார்ஜ் பண்ண ஒரு பெட்ரோல் இன்ஜின். இன்ஜின் மட்டுமே 30 கிலோவுக்கு மேல. எல்லாம் சேத்தா 130 கிலோ தாண்டும். தூக்க 12லேர்ந்து 16 பேர் வேணும். பெட்ரோலையும் தூக்கணும், அந்த 16 பேருக்கு சாப்பாட்டையும் யாராவது தூக்கணும். வாயால பேசினா சுமார் 640 கிலோமீட்டர், மோர்ஸ்ல தட்டினா 960 கிலோமீட்டர் போகும்னு கணக்கு. எக்ஸ்னு பேர் வெச்ச ஒரு தனி கிரிஸ்டல் இருந்துச்சு, அவசரம்னா அந்த அலைவரிசைல கூப்பிடலாம், 24 மணி நேரமும் யாராவது கேட்டுகிட்டு இருப்பாங்க.

இதுல உயிர எடுக்கறது பேட்டரிதான். கப்பல்ல எமர்ஜென்சி பேட்டரி ரூம்னு ஒண்ணு இருக்கும், ஹைட்ரோமீட்டர விட்டு ஒவ்வொரு செல்லா ஆசிட் அடர்த்தி பாத்து லாக் புக்ல எழுதணும். அதுவும் ஆடாத ரேக்ல, நல்லா வெளிச்சத்துல. அப்படி இருந்தும் என் பேன்ட் எல்லாம் ஆசிட் பட்டு சல்லடையா இருக்கும், வீட்டுக்காரி திட்டாத லீவே கிடையாது. அந்த பேட்டரிய ஒரு கழில கட்டி, முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தோள்ல போட்டுகிட்டு, சேறும் வேருமா இருக்கற மலைல ஏறறத நெனச்சுப் பாருங்க. சாஞ்சா ஆசிட் முதுகுல வழியும். அங்க காத்துல இருக்கற ஈரத்துக்கு ரேடியோ வால்வ் சொருகற சாக்கெட் எல்லாம் பச்சை புடிக்கும், ஹெட்ஃபோன் ஒயர் உள்ளுக்குள்ளயே அழுகும். ஏரியல் வேற கட்டணும், 6 மெகாஹெர்ட்ஸ்க்கு அரை அலைன்னா 24 மீட்டர் கம்பி, ரெண்டு பக்கமும் ஒசரமான மரத்துல. இதெல்லாம் கட்டி முடிச்சு, சார்ஜ் ஏத்த இன்ஜின ஓட்டினா அந்த டுபுடுபு சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க கேக்கும். என்னக் கேட்டா, ரேடியோ அலைய விட அந்த இன்ஜின் சத்தம்தான் அவங்களுக்கு பெரிய பயமா இருந்திருக்கும்.

சரி, சிக்னல வெச்சு ஏன் புடிக்கல? திசை பாக்கற கருவி ஜப்பான்கிட்டயும் இருந்துச்சு. ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இவங்க ஏன் தப்பிச்சாங்கன்னு புரியும். லூப் ஏரியல்னு வளையமா இருக்கற கம்பிய சுத்தி சுத்தி சத்தம் எங்க செத்துப் போகுதோ அந்தக் கோட்டப் புடிக்கறது. கடல்ல, சமதரைல, மீடியம் வேவ்ல இது அழகா வேலை செய்யும். ஷார்ட் வேவ்ல, பக்கத்துல மலை இருந்தா, சிக்னல் நேரா வராம செங்குத்தா மேல போயி திரும்பி இறங்கி வரும், அப்ப லூப்புக்கு தலை கால் புரியாது. அஞ்சு டிகிரி தப்பு வந்தா ஆச்சரியமே இல்ல. 50 கிலோமீட்டர் தூரத்துல அஞ்சு டிகிரின்னா நாலு கிலோமீட்டருக்கு மேல தப்பு. மேப்ல நாலு கிலோமீட்டர் ஒரு விரல் நகம், அந்த காட்டுல அது ஒரு முழு நாள் நடை. அதுக்குள்ள செட்ட கழட்டிகிட்டு அடுத்த மலைக்கு போயிடலாம். நான் பாத்தேனே, கொலொம்பங்காரா தீவு, கடலுக்கு நடுவுல ஒரு எரிமலை, 1,700 மீட்டருக்கு மேல, பாதி நாள் உச்சி மேகத்துக்குள்ள. எங்க கப்பல்லேர்ந்து பைனாகுலர் வெச்சுப் பாத்தாலும் கரையத் தாண்டி ஒண்ணும் தெரியல, ஒரே பச்சைச் சுவரு. பெரும்பாலும் இவங்கள புடிச்சது யாராவது தகவல் குடுத்து, பட்டாளம் நடந்து வந்துதான், கருவி வெச்சு இல்ல.

ரகசிய எழுத்து பத்தியும் சொல்லணும், ஏன்னா இது வீட்ல பேப்பர் பென்சில் வெச்சே செஞ்சு பாக்கலாம். ஆரம்பத்துல பிளேஃபேர்ங்கற முறை நெறைய ஓடுச்சு. கோட் புக் தேவையில்ல, ஒரு சாவி வார்த்தை மனப்பாடம் இருந்தா போதும். 1943 ஆகஸ்ட்ல ஓடின ஒரு நிஜ சாவி ‘ராயல் நியூஜிலாண்ட் நேவி’. அஞ்சுக்கு அஞ்சு கட்டம் போட்டு, அந்த இங்கிலீஷ் எழுத்துகள திரும்ப வராம எழுதி, மீதி எழுத்த வரிசையா நிரப்பணும், ஐயும் ஜேயும் ஒரே கட்டம். அப்பறம் சேதிய ரெண்டு ரெண்டு எழுத்தா பிரிச்சு, அந்த ரெண்டும் ஒரு செவ்வகத்தோட எதிர் மூலைன்னு வெச்சுகிட்டு மத்த ரெண்டு மூலைய எடுக்கணும். பி, டி ரெண்டும் கே, எக்ஸ் ஆயிடும். நிஜ சேதி அப்படித்தான் ஆரம்பிக்குது, கே எக்ஸ்னு. பி-டி 109ங்கற படகு காணாமப் போச்சுன்னு சொன்ன சேதி அது, அதுல இருந்த வாலிபர் பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆன ஜான் கென்னடி. இத உடைக்கறது தெரிஞ்சவனுக்கு கஷ்டமே இல்ல, சில மணி நேர வேலை. ஆனா அந்த சில மணி நேரத்துல விஷயம் முடிஞ்சிருக்கும், அவ்ளோதான் அதோட வேலை. ப்ளேன் வருதுன்னு சொல்றப்ப சில சமயம் அதுகூட வேணாம்னு பச்சையா இங்கிலீஷ்லயே சொல்லிடுவாங்க, எழுத்து மாத்திகிட்டு ஒக்காந்தா ப்ளேன் போயி சேந்துடும்.

அதுக்கு நல்ல உதாரணம் 1942 ஆகஸ்ட் 7. அன்னிக்கு காலைல அமெரிக்கப் படை சாலமன்ல இருக்கற குவாடல்கனால் தீவுல இறங்குது. ஜப்பானோட பெரிய தளம் ராபவுல், ஜனவரிலயே விழுந்த ஊர், குவாடல்கனாலுக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல வடமேற்க. அங்கேர்ந்து நேர்கோட்ல பறந்தா நடுவுல பூகன்வில் தீவ தாண்டித்தான் போகணும். அந்த தீவோட தென் கோடில, புவின் பக்கத்து குன்றுல பால் மேசன், வட கோடில ஜாக் ரீட். மேசன் கொப்பரைத் தோட்ட மேனேஜர், குள்ளமா, கண்ணாடி போட்டுகிட்டு, கூச்ச சுபாவம், ரேடியோ பைத்தியம். எங்க தொழில்ல இந்த மாதிரி ஆள நெறைய பாத்திருக்கேன், நாலு பேர் முன்னாடி பேச மாட்டான், கீய கைல குடுத்தா நிறுத்த மாட்டான். ரெண்டு பேருக்கும் ரேடியோல தன்ன யாருன்னு காட்டிக்கற புது அழைப்பு எழுத்து குடுக்கணும், ஆனா ரேடியோல சொன்னா எதிரிக்கும் தெரிஞ்சிடும். என்ன பண்ணாங்கன்னா, ரீட்கிட்ட உங்க பொண்ணு பேரோட இனிஷியல்ல வெச்சுக்கோங்க, மேசன்கிட்ட உங்க சிஸ்டர் கல்யாணமாகிப் போன குடும்பப் பேர்ல மொத மூணு எழுத்த வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. கேக்கற ஜப்பான் ஆபரேட்டருக்கு இவங்க வீட்டு விவகாரம் எப்படி தெரியும்? இதப் படிச்சப்ப எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு எனக்கு.

அன்னிக்கு மேசன் தலைக்கு மேல குண்டு போடற ப்ளேன் கூட்டம் போகுது. எண்ணிட்டு, 24 டார்பிடோ ப்ளேன் உங்க பக்கம் வருதுன்னு ஒரே வரி. நெஜத்துல 27 கிளம்பிச்சுன்னு ஜப்பான் பக்கத்து கணக்கு, மர இடுக்குல தலைய தூக்கி எண்ணினவருக்கு இது நல்ல மார்க்குதான். அந்த வரி ஆஸ்திரேலியா போயி, அங்கேர்ந்து ஹவாய்ல பேர்ல் ஹார்பர் போயி, அங்க பெரிய டிரான்ஸ்மிட்டர்ல திரும்ப ஒலிபரப்பாகி, அரை மணிக்குள்ள குவாடல்கனால் கரைல நிக்கற கப்பல்களுக்கு வந்து சேருது. பசிபிக்க ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கு. ப்ளேன் வர இன்னும் ரெண்டு மணி நேரம் கிட்ட இருக்கு. கான்பெராங்கற ஆஸ்திரேலிய கப்பல்ல, மத்தியானம் 12 மணிக்கு 24 டார்பிடோ ப்ளேன் நம்மள தாக்கும், அதனால 11 மணிக்கே சாப்ட்டுடுங்கன்னு அறிவிப்பு செஞ்சாங்களாம். அமெரிக்க வைல்ட்கேட் சண்டை ப்ளேனுக்கு 20,000 அடிக்கு மேல ஏற அரை மணியாவது வேணும். முன்கூட்டி தெரிஞ்சா மேல போயி காத்திருந்து மேலேர்ந்து விழலாம், தெரியலன்னா கீழேர்ந்து மூச்சு முட்ட ஏறிகிட்டே அடி வாங்கணும். இந்த அரை மணிதான் மொத்த விஷயமும். மறுநாள் ரீட் தலைக்கு மேல 40க்கு மேல போச்சு, அவரும் சொன்னார், கப்பல் எல்லாம் நங்கூரம் எடுத்து ஓட ஆரம்பிச்சு தயாரா இருந்துச்சு, வந்த டார்பிடோ ப்ளேன்ல பெரும்பாலானது திரும்பிப் போகல.

இந்த மாதிரி நாள் அபூர்வம். மீதி நாள் எல்லாம் மழை, கொசு, காத்திருப்பு. மலேரியா எல்லாருக்கும், வந்துட்டு போற சொந்தக்காரன் மாதிரி. கால்ல புண்ணு ஆறாது, பூட்ஸ் கொஞ்ச நாள்ல பிஞ்சு போகும். கையில இருந்த டின் சாப்பாடு தீந்ததும் கிராமத்து தோட்டத்துல வெளையற சேப்பங்கிழங்கு, சக்கரவள்ளி, வள்ளிக்கிழங்கு, பப்பாளி, பூசணி. குவாடல்கனால் மலைல இருந்த மார்ட்டின் க்ளெமென்ஸ்ங்கற பிரிட்டிஷ் அதிகாரி, 27 வயசு, ஆகஸ்ட்ல அமெரிக்கப் படைய தேடி இறங்கி வர்றப்ப கிட்டத்தட்ட பட்டினிதான். பின்னாடி கேட்டலினா ப்ளேன் ராத்திரில வந்து பாராசூட்ல மூட்டை போடும், கீழ நெருப்பு மூட்டி அடையாளம் காட்டணும், நெருப்ப எதிரியும் பாப்பான். விழற மூட்டைல பாதி பள்ளத்துல போயி சிக்கும். அரிசி, டின் கறி, குயினின், பேட்டரி, பெட்ரோல், முக்கியமா புகையிலை. புகையிலை யாருக்கு? சுமை தூக்கறவங்களுக்கு கூலி.

இப்ப அந்த ‘தனியா’வுக்கு வரேன். 16 பேர் தூக்கணும், ஒரு கிராமமே சோறு போடணும், ஒவ்வொரு பாதைலயும் ஒருத்தன் நின்னு பட்டாளம் வருதான்னு பாக்கணும், அப்பறம் என்ன தனியா? மலைமேல வெள்ளைக்காரர் ஒருத்தர், சுத்தி தீவுக்காரங்க நூறு பேர், அதுல ஒரே ஒரு ஆள் கோவத்துல கீழ போயி விஷயத்த சொன்னாலும் கதை முடிஞ்சுது. க்ளெமென்ஸ் ஜூலைல ஜப்பான்காரன் லுங்கா சமவெளில விமானதளம் கட்டறான்னு தகவல் அனுப்பினாரே, அத அவர் மட்டும் மலைலேர்ந்து பைனாகுலர்ல பாக்கல. அவரோட ஆளுங்க ஜப்பான்காரன்கிட்டயே கூலி வேலைக்கு சேந்து, கல்லு மண்ணு சுமந்துகிட்டே எத்தன துப்பாக்கி, எத்தன பீப்பாய் எண்ணெய்னு எண்ணிட்டு வந்து சொன்னாங்க. ஜேக்கப் வூசா அதே தீவுக்காரர், ரிட்டயர் ஆன போலீஸ் சார்ஜென்ட் மேஜர், ஆகஸ்ட் 20 அன்னிக்கு ரோந்து போனப்ப மாட்டிகிட்டார், அவர்கிட்ட ஒரு சின்ன அமெரிக்கக் கொடி இருந்துச்சு. மரத்துல கட்டி, அடிச்சு, பயனெட்டால நெஞ்சுலயும் கழுத்துலயும் குத்தி செத்துட்டாருன்னு விட்டுட்டுப் போனாங்க. கயித்த பல்லால கடிச்சு அறுத்துகிட்டு, தவழ்ந்து அமெரிக்க லைனுக்கு வந்து, படை வருது, இத்தன பேர்னு சொல்லிட்டுதான் ஆஸ்பத்திரிக்கு போனார். பொழச்சு 1984 வரைக்கும் இருந்தார், சர் பட்டமும் வாங்கினார்.

அதுக்காக தீவு மக்கள் எல்லாரும் வெள்ளைக்காரன் மேல பாசத்துல உதவினாங்கன்னு எழுதற புத்தகங்கள நான் நம்பறதில்ல. போர் வந்ததும் தோட்டத்து துரைங்க நெறைய பேர் கூலி பாக்கிய கூட குடுக்காம படகேறி ஓடிட்டாங்க. அத பாத்துகிட்டிருந்த ஜனங்க, புதுசா வந்தவன் இத விட மோசமா என்ன பண்ணிடப் போறான்னு நெனச்சிருந்தா அது தப்பா? பூகன்வில்ல ஒரு கூட்டம் ஜப்பான் பக்கம் போச்சு, ‘கறுப்பு நாய்’னு பேர், மேசனையும் ரீட்டையும் தேடி காட்டுல வழிகாட்டினது அவங்கதான். 1943 நடுவுல நெலமை தலைகீழாப் போயி, முகாம் முகாமா தாக்குதல் நடந்து, ஜூலைல ரீட், மேசன் எல்லாரையும் அமெரிக்க நீர்மூழ்கி வந்து தூக்கிட்டு போகவேண்டியதாச்சு. இன்னொரு பக்கம் நியூ ஜார்ஜியா தீவுல சேகிங்கற எடத்துல டொனால்ட் கென்னடி (ஜனாதிபதிக்கு சொந்தமில்ல). இவர்தான் பூ மோந்து பாக்காத காளமாடு. சொந்தமா ஒரு சின்னப் படையே வெச்சு, தன் எல்லைக்குள்ள வந்த ஜப்பான் படகு ஒண்ணையும் விடல, ஒருத்தன் திரும்பிப் போனாலும் எடம் தெரிஞ்சிடும்ங்கற கணக்கு. போர் கணக்குல பெரிய வெற்றி. ஆனா தப்பு பண்ணின தன் ஆளுங்கள கட்டி வெச்சு சாட்டையால அடிப்பார்னு அவர்கிட்ட வேலை செஞ்ச தீவுக்காரங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. அங்க விசுவாசம் எவ்வளவு, பயம் எவ்வளவுன்னு பிரிக்கறது கஷ்டம்.

பி-டி 109 கதையும் இதேதான். ஆகஸ்ட் 2 விடியறதுக்கு முன்னாடி ஒரு ஜப்பான் போர்க்கப்பல் மோதி படகு ரெண்டா போச்சு. கொலொம்பங்காரா மலைமேல இருந்த ரெக் எவன்ஸ் கடல்ல நெருப்ப பாத்தார், காலைல தகவல் கேட்டு வந்த சேதிய கட்டத்துல போட்டு பிரிச்சார். ஆனா படகுலேர்ந்து தப்பி தீவுல ஒளிஞ்சிருந்த 11 பேர கண்டுபுடிச்சது பியூகு காசா, எரோனி குமானான்னு ரெண்டு இளைஞர்கள், ஒரு மரத்தோணில. ஜான் கென்னடி தேங்காய் ஓட்டுல கத்தியால கீறின சேதிய அவங்கதான் எதிரி தண்ணி வழியா 60 கிலோமீட்டர் துடுப்பு போட்டு எடுத்துட்டு போனாங்க. அந்த ஓடு பின்னாடி வெள்ளை மாளிகைல மேஜைமேல இருந்துச்சு. பதவியேற்புக்கு அவங்கள கூப்பிட்டதாவும், இங்கிலீஷ் தெரியலன்னு அதிகாரிங்க சாலமன் தலைநகர் ஹொனியாராவுலயே திருப்பி அனுப்பிட்டதாவும் சொல்வாங்க, இது வாய்வழி வந்தது, ஆதாரம்னு அடிச்சு சொல்ல மாட்டேன். அதே மாதிரி இன்னொரு கதை, மேசன மோப்பம் புடிக்க ஜப்பான்காரன் நாய் கொண்டு வந்தான், மேசன் அத ரேடியோல சொன்னார், ப்ளேன் வந்து போட்ட குண்டு சரியா நாய்க் கொட்டாய்ல விழுந்துச்சுன்னு. நாய் வந்தது சரி, குண்டு குறிபாத்து விழுந்ததுங்கறத மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோட எடுத்துக்கோங்க. இவங்கதான் குவாடல்கனால காப்பாத்தினாங்க, குவாடல்கனால் பசிபிக்க காப்பாத்துச்சுன்னு அமெரிக்க அட்மிரல் ஹால்சி சொன்னத எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. மரியாதைக்கு சரி. ஆனா செப்டம்பர்ல தீவுல ராடார் வந்துடுச்சு, ஜப்பானோட ரகசிய எழுத்த உடைக்கற வேலை தனியா நடந்துச்சு, அதையும் சேத்துதான் பாக்கணும். மொத சில வாரம் மட்டும் இவங்க இல்லன்னா கண்ணக் கட்டி காட்டுல விட்ட கதைதான், அது உறுதி.

இந்த வேலைல ஒரு அம்மாவும் இருந்தாங்க, விட்டுடக் கூடாது. ரூபி பாய், வனிகோரோ தீவுல மரக் கம்பெனி மேனேஜரோட மனைவி. ஆபரேட்டர் போயிட்டதால தானே மோர்ஸ் கத்துகிட்டு, சம்பளமில்லாம வானிலையும் தகவலும் அனுப்பினாங்க. ஒரு நாள் ரேடியோலயே ஒரு ஜப்பான்காரன் குரல், தீவ விட்டு வெளிய போயிடுன்னு மிரட்டுச்சு. போகல.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்ல. யூனிஃபார்ம் இல்லாம எதிரி எல்லைக்குள்ள இருந்தா உளவாளி, புடிச்சா கொல்லலாம்ங்கறது அந்தக் காலத்து போர் வழக்கம். அதனாலதான் 1942ல அவசர அவசரமா இவங்களுக்கு கடற்படைல பதவி குடுத்தாங்க. பெருசா பிரயோஜனப்படல. கில்பர்ட் தீவுகள்ல இருந்த நியூஜிலாண்ட்காரங்க 17 பேர், ஆயுதமே இல்லாதவங்க, அதுல தபால் தந்தி இலாகா ஆபரேட்டருங்களும் உண்டு, அதாவது என் தொழில்காரங்க. அவங்களையும் இன்னும் 5 சாதாரண ஜனங்களையும் அங்க இருக்கற தராவாவுல 1942 அக்டோபர் 15 அன்னிக்கு தலைய வெட்டிக் கொன்னுட்டாங்க. அங்க மலை இல்ல, காடு இல்ல, கடல் மட்டத்துலேர்ந்து சில மீட்டர் மட்டுமே எழும்பின பவளத் திட்டு, எங்க போயி ஒளியறது.

கடைசியா கார்னீலியஸ் பேஜ். நியூ அயர்லாந்துக்கு பக்கத்துல தபார்னு ஒரு தீவுக்கூட்டம், அங்க தோட்டம் வெச்சிருந்தவர். ராபவுல்ல குண்டு போடப் போன ப்ளேன மொதல்ல பாத்து சொன்னவங்கள்ல அவரும் ஒருத்தர். தீவு எதிரிகிட்ட போயிடுச்சு, கிளம்பி வந்துடுன்னு ஃபெல்ட் பல தடவ சொல்லியும் மாசக்கணக்குல தகவல் அனுப்பிகிட்டே இருந்தார். ஜனங்க மெல்ல மெல்ல கை விட்டாங்க, ரேடியோ கெட்டுகிட்டே வந்துச்சு, கூட்டிட்டு வர நீர்மூழ்கி போச்சு, ஆள் வந்து சேரல. புடிபட்டு 1942 ஜூலைல கொல்லப்பட்டார். அந்த மாசம் அவர் பென்சில்ல எழுதின ஒரு சீட்டு பின்னாடி ஃபெல்ட் கைக்கு வந்துச்சு. அதுல தன்னப் பத்தி ஒரு வரி கிடையாது. தன்கூட இருந்த அன்சின் பூலுங்கற தீவுப் பெண்ணப் பத்திதான் முழுக்க: ஏழு வருஷமா என்கிட்ட இருக்கா, ஜனவரிலேர்ந்து ரொம்ப உதவியா இருந்தா, ஜப்பான்காரன் அவகிட்ட இருந்ததெல்லாம் புடுங்கிட்டு ஜெயில்ல போட்டுட்டான், அவ செஞ்ச குத்தம் விட்டுப் போகாம நின்னது, ஐயா, முடிஞ்சத செய்யுங்க. கீழ பதவியோட கையெழுத்து, சப் லெப்டினன்ட் பேஜ்.